கடிகாரம் சொல்லும் வரலாறு



வரலாற்றுச் சான்றுகள் எவை என்று கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று நீங்கள் தயங்காமல் அடுக்கிச் சொல்லிவிடுவீர்கள். தேர்வுக்கு அது போதும். அந்த அடுக்கில் இடம்பெறாத ஒரு சான்றைப் பற்றி இன்று நான் உங்களோடு பேச விரும்புகிறேன். அது இப்பொழுது என் மணிக்கட்டில் இருக்கிறது. ஜப்பான் நாட்டில் செய்யப்பட்டு, அந்நாட்டார் ஒருவர் கையில் பல்லாண்டு ஓடி, பின்னர் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் உறங்கி, இணைய ஏலத்தின் வழியாக என்னிடம் வந்து சேர்ந்த பழைய கைக்கடிகாரம் அது.

இந்தப் பற்று எனக்கு ஏற்பட்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் நாள்தோறும் காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டது எச்.எம்.டி. ‘ஜனதா’ கடிகாரம். அவர் மறைந்த பின் அது நின்றுபோயிற்று. பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றேன். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பொருத்திய குவியாடி வழியே நோக்கிவிட்டு, “இதன் தாய்வீடு ஜப்பான், ஐயா” என்றார். நான் நம்பவில்லை. ‘இந்தியாவில் செய்யப்பட்டது’ என்றன்றோ அதில் பொறித்திருந்தது! பிறகு தேடிப் படித்தபோது அவர் கூற்று சரியென்று தெரிந்தது. 1961-ஆம் ஆண்டில் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தோன்றியபோது அதற்குத் தொழில்நுட்பம் கற்றுக்கொடுத்தது ஜப்பானின் சிட்டிசன் நிறுவனம். முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்த நான், என் தந்தையின் கையிலேயே ஒரு வரலாறு இருந்ததை அவர் போன பிறகுதான் அறிந்தேன்.

சிட்டிசன் எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னே இருந்தவர் யார்? கேள்வி கேள்வியாகப் பின்னோக்கிச் சென்றால், ஜப்பானியர் நம்மைப் போல நேரத்தை எண்ணாத ஒரு காலத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

ஜப்பானுக்கு இயந்திரக் கடிகாரத்தை முதன்முதலில் கொண்டு சென்றவராகக் கூறப்படுபவர் நமக்குப் புதியவர் அல்லர். 1542 முதல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் சமயப் பணி செய்த அதே பிரான்சிஸ் சேவியர்தாம், 1551-இல் மேற்கு ஜப்பானின் யமாகுச்சியை ஆண்ட ஓவுச்சி யோஷிதாகா என்னும் தலைவருக்கு ஒரு கடிகாரத்தைப் பரிசளித்தார். அது இன்று இல்லை. ஆனால் சற்றுப் பிற்பட்ட கடிகாரம் ஒன்று இன்றும் இருக்கிறது. 1609-இல் ஒரு ஸ்பானியக் கப்பல் ஜப்பானியக் கடற்கரையில் உடைந்தது. மீனவ மக்கள் மாலுமிகளைக் காப்பாற்றினர். டோக்குகாவா இயேயாசு அவர்களை ஆதரித்து அனுப்பிவைத்தார். அதற்கு நன்றியாக 1611-இல் ஸ்பெயின் மன்னரின் பெயரால் வந்த கடிகாரம், இயேயாசுவை முதலில் அடக்கம் செய்த குனோசான் கோயிலில் பாதுகாக்கப்படுகிறது. 1581-இல் மாட்ரிட் நகரில் செய்யப்பட்டது என்று அதிலேயே பொறித்திருக்கிறது.

வந்த கடிகாரம் ஜப்பானியருக்கு உதவவில்லை என்பதுதான் சுவையான செய்தி. நம் முன்னோர் ஒரு நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை எந்நாளும் ஒரே அளவுதான். ஜப்பானியரோ விடியல் முதல் அந்தி வரை உள்ள பொழுதை ஆறாகவும், அந்தி முதல் விடியல் வரை உள்ள இரவை ஆறாகவும் பகுத்தார்கள். கோடையில் பகல் நீளுமல்லவா? அப்பொழுது பகற்கூறும் நீளும், இராக்கூறு சுருங்கும். குளிர்காலத்தில் இது தலைகீழாகும். மணியடிக்கும் முறையும் விந்தையானது. நண்பகலுக்கு ஒன்பது அடி, அடுத்து எட்டு, ஏழு, அந்திக்கு ஆறு, பின் ஐந்து, நான்கு, நள்ளிரவுக்கு மீண்டும் ஒன்பது!

ஐரோப்பியர் கடிகாரம் எப்பொழுதும் ஒரே நடை நடப்பது. ஜப்பானியர் நேரமோ நாளுக்கு நாள் நடை மாற்றுவது. இந்த முரண்பாட்டைக் கண்ட ஜப்பானியக் கைவினைஞர், தம் நேரத்தைக் கைவிடவில்லை, கடிகாரத்தைத் திருத்தினார்கள். ஊசலாடும் தண்டின் இருபுறமும் தொங்கும் சிறு எடைகளை விடியலில் ஒருமுறையும் அந்தியில் ஒருமுறையும் நகர்த்திவைத்தார்கள். பின்னர் பகலுக்கு ஒரு தண்டு, இரவுக்கு ஒரு தண்டு என இரண்டை அமைத்து, அவை தாமே மாறிமாறி இயங்கச் செய்தார்கள். தூணில் தொங்கும் கடிகாரங்களுக்குப் பருவத்துக்கொரு அளவுப்பலகை வைத்தார்கள். இக்கலையின் உச்சி, 1851-இல் தனகா ஹிசாஷிகே என்பவர் செய்து முடித்த ‘பதினாயிரம் ஆண்டுக் கடிகாரம்’. அதன் முகப்பில் நேரக்குறிகளே பருவத்துக்கேற்பத் தாமாக நெருங்கும், விலகும். அவர் தொடங்கிய பட்டறையின் வழியில் வந்ததே இன்றைய தோஷிபா.

அந்தத் திறமை முழுவதும் ஒரே ஆணையில் பயனற்றுப் போயிற்று. மெய்ஜி அரசு 1872-இன் இறுதியில் பழைய நாட்காட்டியை ஒழித்தது. பழைய கணக்கில் பன்னிரண்டாம் மாதத்தின் மூன்றாம் நாள், 1873 ஜனவரி முதல் நாளாயிற்று. இனி நாளுக்கு இருபத்துநான்கு சம மணி. மக்களுக்குக் கிடைத்த முன்னறிவிப்பு ஒரு மாதங்கூட இல்லை. இவ்வளவு அவசரம் ஏன் என்று வரலாற்றாசிரியர் ஆராய்ந்து ஒரு காரணம் கூறுவர். அடுத்த ஆண்டில் பழைய கணக்குப்படி அதிகமாதம் ஒன்று வரவிருந்தது; பதின்மூன்று மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். நாட்காட்டியை மாற்றினால் அந்த மாதமும் போயிற்று, முடிந்துபோன பன்னிரண்டாம் மாதமும் போயிற்று! நாகரிகத்துக்கும் கருவூலத்துக்கும் ஒரே கல்லில் வழி கண்டார்கள்.

அந்த ஆணை பிறந்தபோது டோக்கியோவில் ஹத்தோரி கிந்தாரோ என்ற சிறுவனுக்கு வயது பன்னிரண்டு. 1860-இல் பிறந்த அவர், கடிகாரக் கடைகளில் எடுபிடியாக இருந்து தொழில் கற்று, 1881-இல் சொந்தக் கடை திறந்தார். பழைய கடிகாரங்களைப் பழுது பார்த்து விற்றார். புதிய நேரத்துக்குப் புதிய கடிகாரம் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1892-இல் அவர் ஒரு தொழிற்சாலை கண்டார். ‘நுட்பமாகச் செய்யும் இல்லம்’ என்று பொருள்படும்படி அதற்குச் சீக்கோஷா என்று பெயரிட்டார். முதலில் சுவர்க்கடிகாரம், 1895-இல் சட்டைப்பைக் கடிகாரம், 1913-இல் ‘லாரல்’ என்னும் கைக்கடிகாரம். ஜப்பானில் செய்த முதல் கைக்கடிகாரம் அதுவே.

1923 செப்டம்பர் முதல் நாள் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. அதைத் தொடர்ந்த தீ, சீக்கோஷாவையும் சாம்பலாக்கியது. பழுது பார்ப்பதற்காக வாடிக்கையாளர் கொடுத்திருந்த கடிகாரங்கள் ஏறத்தாழ 1,500 அந்தத் தீயில் அழிந்தன. ஹத்தோரிக்கு அப்பொழுது வயது அறுபத்திரண்டு. ‘தெய்வச் செயல்’ என்று கையை விரித்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார். அவரோ, கடிகாரத்தை இழந்தவர்கள் வந்து புதிதொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று நாளிதழில் விளம்பரம் செய்தார். மறு ஆண்டு, 1924-இல், மீண்டெழுந்த ஆலையிலிருந்து ‘சீக்கோ’ என்ற பெயர் தாங்கிய முதல் கடிகாரம் வெளிவந்தது. அதே 1924-இல்தான் வேறொரு கடிகாரத்துக்கு, டோக்கியோ மேயராக இருந்த கோட்டோ ஷிம்பெய் சூட்டிய ‘சிட்டிசன்’ என்ற பெயரும் வழங்கலாயிற்று. செல்வர்க்கு மட்டுமின்றிக் குடிமக்கள் அனைவர்க்கும் உரியதாக வேண்டும் என்பது அவர் கருத்து.

இப்பொழுது என் கையிலுள்ள கடிகாரத்தின் ஊருக்கு வருகிறேன். டோக்கியோவுக்கு மேற்கே மலைகளுக்கிடையில் சுவா என்னும் ஏரிக்கரை ஊர் உள்ளது. 1942-இல் அங்கே மிசோ என்னும் சோயாச் சாந்து வைத்திருந்த பழைய கிடங்கு ஒன்றில் கடிகார உறுப்புகள் செய்யும் சிறு பட்டறை தோன்றியது. போர்க்காலத்தில் டோக்கியோத் தொழிற்சாலையின் ஒரு பகுதியும் அங்கே பெயர்ந்து வந்தது. போர் முடிந்த பின், ஒரே சீக்கோ குடும்பத்துக்குள் இரண்டு ஆலைகள் போட்டியிட்டன: ஒன்று டோக்கியோவின் டைனி, மற்றொன்று சுவா. சுவா 1960-இல் ‘கிராண்ட் சீக்கோ’ செய்தது. டைனி மறு ஆண்டே ‘கிங் சீக்கோ’ செய்தது. உடன்பிறந்தார் போட்டி என்றால் இதுவன்றோ போட்டி! இரண்டும் சுவிட்சர்லாந்தின் நோஷாடெல் வானாய்வகம் நடத்திய துல்லியப் போட்டியிலும் புகுந்தன. 1964-இல் முதன்முறை சென்றபோது நூறு இடங்களுக்கும் பின்னால் நின்றன. 1967-இல் நிறுவனங்களின் வரிசையில் இரண்டாம் மூன்றாம் இடங்களைப் பெற்றன. மூன்றே ஆண்டு!

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் நேரத்தை அளந்து தாளில் அச்சிடும் கருவி தேவைப்பட்டது. அந்த முயற்சியிலிருந்து 1968-இல் இ.பி. என்ற சிறிய அச்சுப்பொறி சுவாவில் பிறந்தது. அந்த ‘இ.பி.’யின் ‘சன்’, அதாவது மகன், என்ற பொருளில் ஏற்பட்ட பெயர்தான் எப்சன். உங்கள் கல்லூரி அலுவலகத்தில் எப்சன் அச்சுப்பொறி இருந்தால், அதன் பாட்டன் ஓர் ஓட்டப்பந்தயக் கடிகாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1969 டிசம்பர் 25-ஆம் நாள் சுவாவில் உருவான ‘அஸ்ட்ரான்’ விற்பனைக்கு வந்தது. படிகக்கல் ஒன்று மின்கலத்தின் ஆற்றலால் நொடிக்கு 8,192 முறை அதிர, அந்த அதிர்வை எண்ணி முள்ளை நகர்த்தும் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அது. நல்ல இயந்திரக் கடிகாரமே நாளுக்குச் சில நொடி பிசகும். இது மாதத்துக்கு ஐந்து நொடி. விலை 450,000 யென். ஒரு சிறு கார் வாங்கலாம். ஆனால் விலை விரைவில் வீழ்ந்தது. சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலில் இருந்த ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர், 1980-களின் நடுவில் முப்பதாயிரம் அளவுக்குக் குறைந்தனர். இதைப் பலரும் எழுதுவர். அதே படிகக்கல் சீக்கோவின் சொந்த இயந்திரக் கடிகாரங்களையும் வீழ்த்தியது என்பதைச் சிலரே எழுதுவர். கிராண்ட் சீக்கோவே 1970-களின் நடுவில் நின்றுபோயிற்று. 1998-இல்தான் இயந்திரக் கடிகாரமாக அது மறுபிறவி எடுத்தது. ஜப்பானிய வீடுகளில் சாவிக் கடிகாரங்களும் தானியங்கிக் கடிகாரங்களும் கழற்றப்பட்டு இழுப்பறைக்குள் சென்றன. உடையவர் மறைந்து வீடு ஒழிக்கப்படும் நாளில் அவை மீண்டும் வெளிச்சம் கண்டன.

அந்த வெளிச்சந்தான் இணைய ஏலம். ஈபே 1995-இல் அமெரிக்காவில் தோன்றியது. யாஹூ ஜப்பானின் ஏலம் 1999-இல் தொடங்கியது. ஜப்பானில் யாஹூவே வென்றது. 2000-இல் அங்கே சென்ற ஈபே 2002-இல் திரும்பிவிட்டது. ஆதலின் நல்ல பழங்கடிகாரம் வேண்டுவோர் ஜப்பானிய ஏலத்துக்கே செல்ல வேண்டும். வெளிநாட்டார் அங்குள்ள முகவர் வழியாக விலை கூறுவர். ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடியும். கடைசி நொடியில் பாய்ந்து கொத்திக்கொண்டு போவார் உண்டு. ஜப்பானிய ஏலத்திலோ கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருவர் விலை ஏற்றினால், விற்பவர் விதித்தபடி இன்னும் ஐந்து நிமிடம் நீளும். நம் ஊர் மீன் ஏலத்தில், “ஒரு தரம், இரண்டு தரம்” என்று சொல்லி ஒருவர் தலையசைப்புக்காகக் காத்திருப்பது போன்றது அது. ‘ஜங்க்’ என்ற ஒரு சொல்லையும் அறிந்திருக்க வேண்டும். ஓடாது, உத்தரவாதம் இல்லை, திருப்பித் தரலாகாது என்னும் மூன்றையும் அந்தச் சொல் அடக்கி நிற்கிறது. என் கடிகாரங்களுட் பாதி ஜங்க்காக வந்தவையே.

ஏலத்தில் விற்பவர் சொல்லும் கதையை நம்பலாகாது; கடிகாரம் சொல்லும் செய்தியைப் படிக்க வேண்டும். சீக்கோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உள்ளிருக்கும் இயந்திரத்தையும் கூட்டையும் குறிப்பது. மற்றொன்று பிறந்த காலத்தைச் சொல்வது: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்குச் சுழி, நவம்பருக்கும் டிசம்பருக்கும் எழுத்து. பத்தாண்டு எது என்பதை மட்டும் அது சொல்லாது! ஒன்பது என்றால் 1969-ஆ, 1979-ஆ? நம் கல்வெட்டுகளில் மன்னன் பெயர் சிதைந்து ஆட்சியாண்டு மட்டும் எஞ்சியிருக்கும்போது படும் தொல்லையே இங்கும். முகப்பின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இன்னோர் எண் உண்டு. அது பின்மூடியோடு பொருந்த வேண்டும். நான் முதன்முதலில் வாங்கிய ‘சீக்கோ 5’ பளபளத்த செம்மஞ்சள் முகப்போடு வந்தது. அடியில் எண்ணே இல்லை. மும்பையில் புதுச்சாயம் பூசி மறுபிறவி கொடுக்கப்பட்டது அது. ஏழைக்கு மலிவான விலையில் நேரம் காட்டும் அந்தக் கைத்தொழிலை நான் பழிக்க மாட்டேன். அதைப் பழமை என்று சொல்லி விற்றதுதான் பிழை.

கிழமை காட்டும் வட்டும் ஒரு சான்று. ஜப்பானில் விற்றவற்றில் கிழமை அந்நாட்டு எழுத்திலும் இருக்கும். வளைகுடா நாடுகளுக்குச் சென்றவற்றில் அரபு எழுத்து. ஜப்பானிய எழுத்துகளின் பொருளைக் கேட்டால் வியப்பீர்கள்: ஞாயிறு, திங்கள், தீ, நீர், மரம், பொன், மண். தீக்கோள் என்று அவர்கள் சொல்வது நம் செவ்வாய், நீர்க்கோள் புதன், மரக்கோள் வியாழன், பொற்கோள் வெள்ளி, மண்கோள் சனி. ஒரே ஏழு கோள், ஒரே வரிசை. ஞாயிறு சிவப்பிலும் சனி நீலத்திலும் இருக்கும்.

அப்படி எழுத்து அறிந்து நான் எடுத்ததுதான் இந்த ‘லார்ட் மாட்டிக்’. 1968-இல் சுவா வெளியிட்ட தானியங்கி வகை. எண் ஒன்பதில் தொடங்கி எட்டில் தொடர்ந்தது. இவ்வகை 1970-களின் நடுவிலேயே நின்றுவிட்டதால் 1979 என்ற ஐயத்துக்கு இடமில்லை, 1969 ஆகஸ்ட். அதற்கும் மேலாக, ஏலப் படத்தில் பின்மூடியின்மேல் கையால் பொறித்த மூன்று வரிகள் தெரிந்தன. எண்களை நான் கற்றிருந்தேன். சோவா 44, அக்டோபர். சோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் 1969. இரண்டாம் வரியில் இருபது ஆண்டுப் பணி என்ற குறிப்பு. மூன்றாம் வரி ஒரு பெயர்.

எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டு முன் என்றால் 1949. ஜப்பான் அப்பொழுது நேச நாடுகளின் ஆட்சியின்கீழ் இருந்தது. எரிந்த நகரங்களில் ஓர் இளைஞர் ஏதோ ஒரு தொழிலகத்தில் வேலைக்குச் சேர்கிறார். இருபது ஆண்டு உழைத்தபின், அந்நிறுவனம் சுவாவில் இரு மாதங்களுக்கு முன் செய்த கடிகாரத்தில் அவர் பெயரைப் பொறித்துக் கொடுக்கிறது. அந்தக் கடிகாரம் பிறந்த அதே ஊரில், அதே வாரங்களில், அதன் இனத்தையே ஓரங்கட்டப்போகும் அஸ்ட்ரானை முடிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மூன்று வரிகளில் இவ்வளவும் இருந்தது.

ஏலத்தில் எனக்கு எதிரே ஒருவர் மட்டுமே நின்றார். மும்முறை நேரம் நீண்டது. பிறகு அவர் விட்டுவிட்டார். ஒரு மாத மளிகைச் செலவு அதில் போயிற்று. கடிகாரம் வந்தது, ஓடவில்லை. கூட்டில் கீறல்கள். நம் ஊரில் அனுபவம் முதிர்ந்த ஒருவரிடம் கொடுத்து, “புதியது போல் ஆக்கித் தாருங்கள்” என்றேன்.

பத்து நாள் கழித்துச் சென்றேன். மெல்லிய தாளில் சுற்றி வைத்திருந்ததை அவர் பெருமையோடு பிரித்துக் காட்டினார். முள் ஓடியது. கூடு கண்ணாடி போல ஒளிர்ந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்மூடியும் ஒளிர்ந்தது. ஆலை அழுத்திப் பொறித்த எண்கள் மங்கலாக எஞ்சியிருந்தன. கையால் மேலாகக் கீறிய மூன்று வரிகளும் மெருகுச் சக்கரத்தில் போய்விட்டன. “பின்னால் ஏதோ கிறுக்கியிருந்தது ஐயா, அதையும் எடுத்துவிட்டேன்” என்றார். அவர்மேல் குற்றமில்லை. நான் சொன்னதைத்தான் செய்தார். திருப்பணி என்ற பெயரால் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசினார்கள், கருவி வைத்துத் தேய்த்தார்கள் என்று வகுப்பறையில் முப்பது ஆண்டு சினந்து பேசியவன் நான்! கூலியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்தேன்.

ஏலப் பக்கத்தைத் தேடினேன். அது நீக்கப்பட்டுவிட்டது. விலை கூறுமுன் நான் எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு படம் கணினியில் கிடைத்தது. ஜப்பானிய மொழி பயின்ற பழைய மாணவி ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்து, ஆண்டைப் படித்தார். இருபது ஆண்டுப் பணி என்பதைப் படித்தார். மூன்றாம் வரியின்மேல், படம் எடுத்தவரின் விளக்கொளி விழுந்து வெண்மையாக இருந்தது. முதலெழுத்தில் மரம் என்ற குறியின் ஒரு கால் தெரிகிறது என்றார். மரத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் ஜப்பானில் ஏராளம் என்றும் சொன்னார்.

அதன்பின் வாங்கிய கடிகாரங்கள் எதையும் நான் மெருகிடக் கொடுக்கவில்லை. இயந்திரத்தைத் துடைத்து எண்ணெய் இடுவதோடு சரி. கீறல் கீறலாகவே கிடக்கிறது. இந்த லார்ட் மாட்டிக்கைத்தான் வியாழக்கிழமைகளில் கட்டிக்கொள்கிறேன். அன்று அதன் சிறு சாளரத்தில் வரும் எழுத்து மரம்.